லாரி கிளம்பும் நேரத்தை ஏஜெண்டு சொல்ல மாட்டார்

சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்கு வருகிற தம்பிகளிடம் ஏஜெண்டு எவ்வளவோ பேசுவார். நாள் சம்பளம் எவ்வளவு, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) எத்தனை மணி நேரம் கிடைக்கும், வேலை பெர்மிட் எத்தனை வருடத்துக்கு வரும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டுவார். காலையில் லாரியைத் தவறவிட்டால் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். எனக்கும் யாரும் சொல்லவில்லை. 2024 தீபாவளிக்கு முதல் நாள் ஒரே ஒரு காலையில் நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் என் கையை விட்டுப் போனது. ஊர்க் காசுக்கு ஆறாயிரத்துச் சொச்சம். ஊரில் வட்டிக்கு வாங்கி வந்தவனுக்கு அது சின்னத் தொகை இல்லை. இனி வருகிறவர்களுக்காவது தெரிந்திருக்கட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கம். இங்கே வருவதற்கு முன்பு கொத்தனாருக்குக் கையாளாக இருந்தவன். எங்கள் ஊரில் ஒன்பது மணிக்கு வேலை என்றால் ஒன்பது மணிக்கு டீக்கடையில் கூடுவோம். டீயைக் குடித்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, கலவையில் கை வைக்கும்போது ஒன்பதரை ஆகியிருக்கும். தாமதமாகப் போனால் மேஸ்திரி நாலு வார்த்தை திட்டுவார், சாயங்காலம் அரை மணி நேரம் கூட நின்று ஈடுகட்டச் சொல்வார். ரொம்பத் தாமதம் என்றால் அரை நாள் கூலி. அதற்கு மேல் ஒன்றும் ஆகாது, மறுநாள் அதே மேஸ்திரி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கூப்பிடுவார். அந்தப் பழக்கத்தோடுதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் விமானம் ஏறுகிறோம்.

இங்கே நாள் தொடங்குவது வேலையிடத்தில் இல்லை, டார்மிட்டரியில், அதாவது தொழிலாளர்கள் தங்கும் விடுதியில். எங்கள் டார்மிட்டரி மேற்குக் கோடியில் துவாஸ் பக்கம். வேலையிடம் வடகிழக்கில் பொங்கோல் பக்கம், தீவின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு. எட்டு மணி வேலைக்கு ஏழரைக்கே டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலைக்கு முந்திய பாதுகாப்புக் கூட்டம். அதற்கு நாலரைக்கு எழ வேண்டும். பன்னிரண்டு பேர் அறை, ஒரே நேரத்தில் எல்லோரும் எழுந்தால் குளியலறையில் வரிசை. கேட்டரிங்காரர் விடியுமுன் வந்து காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்தே வைத்துவிட்டுப் போயிருப்பார், நம் பையைத் தேடி எடுக்க வேண்டும். எங்கள் லாரி வழக்கமாக ஆறேகாலுக்குக் கிளம்பும். ஆறேகால் என்றால் நாம் வந்து நிற்கிற நேரம் இல்லை, சக்கரம் உருளுகிற நேரம். டிரைவர் காத்திருக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஏழு மணிக்கு மேல் விரைவுச்சாலை அடைத்துக்கொள்ளும், அவர் இன்னொரு டார்மிட்டரியிலும் ஆட்களை ஏற்ற வேண்டும். ஒருவனுக்காக ஐந்து நிமிடம் நின்றால் லாரியில் இருக்கிற அத்தனை பேரும் மீட்டிங்கைத் தவறவிடுவார்கள். ஆகவே வந்த முதல் வாரத்திலேயே பத்து நிமிடம் முன்னால் போய் நிற்கிற பழக்கத்துக்கு மாறிவிடுங்கள். பூட்ஸ், ஹெல்மெட், கையுறை, பெர்மிட் அட்டை எல்லாவற்றையும் ராத்திரியே பையில் போட்டுக் கட்டிலோரம் வைத்துவிட வேண்டும். காலையில் இருட்டில் அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்காமல் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். அதற்குச் சில நாள் முன்பு என்னை வேறு வேலையிடத்திலிருந்து இங்கே மாற்றியிருந்தார்கள். பழைய ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் என் எண் இருந்தது, புதுக் குழுவில் சேர்க்கவில்லை. மறுநாள் காலை கான்கிரீட் போடுவதாக முடிவாகி, லாரி அரை மணி நேரம் முன்னதாக, ஐந்தே முக்காலுக்குக் கிளம்பும் என்று முந்தின நாள் இரவு பத்தரைக்கு மேல் அந்தப் புதுக் குழுவில் செய்தி போட்டிருக்கிறார்கள். என் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் வேறு வேலையிடத்துக்குப் போகிறவர்கள், அவர்களுக்கும் தெரியாது. நான் ஆறு மணிக்கே இறங்கி வந்து நின்றேன். எங்கள் லாரி நிற்கும் இடம் காலியாக இருந்தது. வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்து லாரி டிரைவர்தான், "உங்கள் வண்டி அப்போதே போய்விட்டதே தம்பி" என்றார். வயிறு கலங்கிவிட்டது.

சூப்பர்வைசருக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. லாரியில் சத்தத்தில் கேட்டிருக்காது. செய்தி அனுப்பினேன்: "அண்ணே, லாரி நேரம் மாறியது எனக்குத் தெரியவில்லை. ஆறு மணிக்கு வந்து நின்றேன். பஸ், ரயிலில் வருகிறேன்." இந்த ஒரு செய்திதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. அப்போது அது தெரியாது, பயத்தில் அனுப்பினேன். பஸ் பிடித்து ஜூ கூன் ரயில் நிலையம், அங்கிருந்து ஊட்ரம் பார்க் வரை போய் வடகிழக்குத் தடத்தில் மாறி பொங்கோல். வழி தெரியாது, ஒவ்வொருவராகக் கேட்டுக்கேட்டுத்தான் போனேன். ரயிலில் ஆபீஸுக்குப் போகிறவர்கள் கூட்டத்தில், பூட்ஸும் சாப்பாட்டுப் பையுமாக ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன். வேலையிட வாசலைத் தொடும்போது எட்டு இருபத்தைந்து.

காவலாளி உள்ளே விடவில்லை. சூப்பர்வைசர் இறங்கி வந்தார், அவரும் நம் பக்கத்துக்காரர்தான். "தம்பி, மீட்டிங் முடிந்துவிட்டது. இன்றைய வேலைக்கான அனுமதித் தாளில் உன் பெயர் இல்லை. மேலே ஏற்ற முடியாது, போய்விடு" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அவசரம் மட்டும்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு மணியிலிருந்து நின்றேன், தீவைச் சுற்றி வந்தேன், இருபத்தைந்து நிமிடத்துக்காகத் திருப்பி அனுப்புகிறார்களே என்று மனசு கொதித்தது. வந்த வழியே திரும்பிப் போய், ஆளில்லாத அறையில், கொண்டுபோன மதியச் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டேன். அம்மா போன் செய்து, "வேலையில் இருக்கிற நேரத்தில் எடுக்கிறாயே, என்னப்பா?" என்று கேட்டது. தீபாவளிக்கு ஒரு நாள் முன்னாலேயே லீவு விட்டுவிட்டார்கள் என்று சொல்லி வைத்தேன்.

ஏன் விடவில்லை என்பது பிறகு அந்த வேலையில் நின்றபோதுதான் முழுசாகப் புரிந்தது. டூல்பாக்ஸ் மீட்டிங்கை வெறும் வருகைப் பதிவு என்று நினைத்துவிடாதீர்கள். இன்று எந்த இடத்தில் கிரேன் சுற்றும், எந்தத் தடுப்பைக் கழற்றியிருக்கிறார்கள், யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்வது அங்கேதான். இங்கே மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள உயரத்தில் வேலை என்றால் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஏற்றக்கூடாது என்பது சட்டம். நேற்று இருந்த தடுப்பு இன்று இருக்காது, அதைக் கேட்காமல் மேலே ஏறியவன்தான் விழுவான். அவனை ஏற்றியவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

கான்கிரீட்டுக்கோ இன்னும் அவசரம். ஆலையில் கலந்து லாரியில் ஏற்றியதிலிருந்து பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குள் அதைக் கொட்டி முடிக்க வேண்டும். முதல் வண்டி எட்டு மணிக்கு வாசலுக்கு வந்துவிடும், பின்னாலேயே அடுத்தடுத்த வண்டிகள் வழியில் இருக்கும். மேலே ஒருவர் பம்ப் குழாயின் முனையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே போவார், அவர் பின்னாலேயே ஒருவர் வைப்ரேட்டரைச் செங்குத்தாக இறக்கி, காற்றுக் குமிழி வெளியேறியதும் மெதுவாக உருவி, அடுத்த இடத்தில் இறக்க வேண்டும். அதற்குப் பின்னால் இரண்டு பேர் மட்டம் இழுப்பார்கள். வைப்ரேட்டர் பிடிக்க ஆள் இல்லையென்றால் மட்டம் இழுக்கிறவர் அதைப் பிடிப்பார், மட்டம் பின்தங்கும், குழாய்க்காரர் நிற்பார், கீழே வண்டியில் இருப்பது இறுகத் தொடங்கும். போட்டது இறுகிய பிறகு பக்கத்தில் புதிதாகப் போட்டால் இரண்டும் ஒட்டாது, அந்த இணைப்பில் பிறகு தண்ணீர் கசியும். அன்று என் இடத்தில் இன்னொருவர் இரண்டு ஆள் வேலையைச் சேர்த்துச் செய்திருக்கிறார். அன்று இரவு டார்மிட்டரியில் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்ததைப் பார்த்தேன். நிறுவனத்தின் மேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் நேரம் தவறுவது யார் முதுகில் போய் விழுகிறது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

இனி பணக் கணக்கு. என் நாள் சம்பளம் 20 வெள்ளி, எட்டு மணி நேரத்துக்கு. அதாவது மணிக்கு இரண்டரை வெள்ளி. ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, 3.75. அன்று மூன்று மணி நேர ஓ.டி. இருந்தது, 11.25. ஆக அந்த நாளுக்கு 31.25 வெள்ளி போயிற்று. அதோடு முடியும் என்று நினைத்திருந்தேன். மறு மாதம் சம்பளச் சீட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தீபாவளி விடுமுறைச் சம்பளம் 20 வெள்ளியும் இல்லை. மாதம் முழுக்கத் தவறாமல் வந்தால் தருகிற வருகைப்படி 50 வெள்ளியும் இல்லை. கூட்டிப் பார்த்தால் 101.25. வீட்டுக்கு இவ்வளவு அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், தங்கை அதை நம்பிக் கடையில் துணி எடுத்து வைத்திருந்தது. குறைத்து அனுப்பியதற்கு ஏதோ காரணம் சொன்னேன். அந்த வாரம் சரியாகத் தூக்கம் வரவில்லை.

என் அறையில் ஒரு அண்ணன் இருந்தார், நீண்ட காலமாக இங்கே இருக்கிறவர். அவர்தான் விஷயத்தை விளக்கினார். அரசு விடுமுறைக்கு முந்திய வேலை நாளோ அடுத்த வேலை நாளோ அனுமதி இல்லாமல், தக்க காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், விடுமுறைச் சம்பளம் கிடையாது என்று இங்கே சட்டத்திலேயே இருக்கிறது. தீபாவளி, சீனப் புத்தாண்டு, ஹரி ராயா, கிறிஸ்துமஸ் எதுவானாலும் இதுதான் விதி. பண்டிகை ராத்திரி விழித்திருந்து, மறுநாள் காலையில் லாரியை விட்டவர்கள் எத்தனையோ பேர் இதைத் தெரியாமலே இழக்கிறார்கள். ஆனால் "தக்க காரணம்" என்ற இடத்தைப் பிடித்துக்கொள் என்றார் அண்ணன். "நீ வராமல் இருக்கவில்லை, வந்தவனைத் திருப்பி அனுப்பினார்கள். உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். காலை ஆறு மணி சொச்சத்துக்கு அனுப்பிய செய்தி இருந்தது. வேலையிட வாசலில் நின்றபோது ஊர் நண்பனுக்கு அனுப்ப எடுத்த போட்டோ ஒன்று, நேரத்தோடு இருந்தது. பழைய குழுவில்தான் என் எண் இருக்கிறது, புதியதில் இல்லை என்பதையும் காட்ட முடிந்தது.

சனிக்கிழமை ஆபீஸுக்குப் போனேன். கை நடுங்கியது, பெர்மிட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் நம் எல்லோருக்கும் இருப்பதுதானே. சண்டை போடவில்லை. போனைக் காட்டி, நேரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அங்கிருந்த அம்மா சூப்பர்வைசரைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் நடந்ததை மறைக்காமல் சொன்னார், அதற்கு அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அடுத்த சம்பளத்தில் விடுமுறைச் சம்பளம் 20 வெள்ளி திரும்பி வந்தது. அந்த நாளின் சம்பளம் வரவில்லை. வருகைப்படியும் வரவில்லை, அது நிறுவனம் தானாகத் தருவது, எந்தக் காரணத்தால் வராவிட்டாலும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்தது. அந்தத் தாளை இங்கே வருவதற்கு முன்பே, தமிழில் யாரையாவது விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படி எதற்கு, எப்போது வெட்டுவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

லாரி போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்கிற தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான், திரும்பப் போய்ப் படுக்காதீர்கள். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தாலும் வாசல் வரை போங்கள். எழுத்தில் செய்தி அனுப்புங்கள், போனில் பேசினால் அதற்குச் சாட்சி இல்லை. மனசு வெறுத்து மறுநாளும் அதற்கு மறுநாளும் படுத்துக் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது இன்னும் ஆபத்து. தகவல் சொல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால், ஒப்பந்தத்தை நாமே முறித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. உடம்பு சரியில்லை என்றால் டாக்டரைப் பார்த்து எம்.சி. (மருத்துவச் சான்றிதழ்) வாங்கி, அன்றைக்கே படம் பிடித்து அனுப்பிவிடுங்கள். 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. டார்மிட்டரியிலிருந்து வேலையிடத்துக்கு பஸ், ரயில் வழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போகும்போது ஒரு தடவை போய்ப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. வேலையிடம் மாறினால், அன்றிரவே புதுக் குழுவில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, டிரைவர் எண்ணையும் வாங்கிவிடுங்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது முழுமையாகாது. நம் ஆட்கள் லாரியை விடுவதற்கு முக்கியக் காரணம் சோம்பல் இல்லை, இந்த இரண்டரை மணி நேர வித்தியாசம்தான். இங்கே பத்து மணி ஆகும்போது ஊரில் ஏழரை. வீட்டில் அப்போதுதான் வேலை ஓய்ந்து, பிள்ளைகள் படிப்பு முடிந்து, பேச உட்காருவார்கள். நமக்கோ நாலரைக்கு எழ வேண்டும். மனைவி பேசும்போது, குழந்தை முகம் காட்டும்போது எவன் போனை வைப்பான்? பதினொன்றரை ஆகிவிடும். ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு உயரத்தில் ஏறி நிற்கிறவனைப் பார்த்தால் எனக்கு இப்போதும் அடிவயிறு பதறுகிறது. வீட்டாரிடம் இதை மனம்விட்டுச் சொல்லி, இங்கே ஒன்பதுக்கு, ஊரில் ஆறரைக்குப் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். முதலில் மனவருத்தம் வந்தது, பிறகு பழகிவிட்டது. நீண்ட பேச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமை.

நம்மிடம் நிமிடக் கணக்குப் பார்க்கிறவர்கள் தங்கள் பக்கத்து நேரத்தில் அவ்வளவு கறாராக இருப்பதில்லை, இதில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. சாயங்காலம் வேலை முடிந்து லாரிக்காக ஒன்றரை மணி நேரம் சாலையோரம் உட்கார்ந்திருப்போம், அதற்கு ஒரு காசு கிடையாது. ஒன்பது மணி வரை கான்கிரீட் போட்டிருப்போம், சீட்டில் ஏழு என்று ஏறியிருக்கும். ஆகவே ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். தினமும் லாரி கிளம்பிய நேரம், வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த மாடி, என்ன வேலை என்று லாரியில் உட்கார்ந்தே எழுதிவிடுவேன். சம்பளச் சீட்டு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒரு மாதம் ஓ.டி. குறைந்திருந்தது, தேதியோடு காட்டினேன், சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். 2016 ஏப்ரலிலிருந்து இங்கே விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது கட்டாயம். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளமும், பதினான்கு நாளுக்குள் ஓ.டி.யும் வந்தாக வேண்டும். சீட்டு தராவிட்டால் கேளுங்கள், கேட்டு வாங்கிய சீட்டையெல்லாம் போட்டோ எடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள், போன் தொலைந்தாலும் அது இருக்கும்.

நிறுவனத்திடம் பேசியும் நடக்கவில்லை என்றால் மனிதவள அமைச்சின் வழியாக டாடெம் (TADM) என்கிற முத்தரப்பு அமைப்பில் சம்பளக் கோரிக்கை போடலாம். வேலையில் இருக்கும்போது, பணம் வர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். எப்படிப் போடுவது என்று தெரியாதவர்களுக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் சொல்லித் தருவார்கள். போகும்போது பெர்மிட், சம்பளச் சீட்டுகள், வேலைக்கு வருமுன் கொடுத்த அனுமதிக் கடிதம், நோட்டு நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். ஊருக்குத் திரும்புகிற டிக்கெட் போட்ட பிறகு ஞாபகம் வந்து ஓடுகிறவர்களுக்கு அதிகம் செய்ய முடிவதில்லை, குறைவு கண்ணில் பட்ட மாதமே கேட்டுவிடுங்கள்.